மூக்கு சொன்னா சரி

ஐஸ் கம்பெனியில் என் அக்கா வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘மூக்கு’ என்றால்தான் தெரியும். ஐஸ் உறைய வைக்கும் அமோனியா வாயு குழாயில் எங்காவது கசிந்தால், மற்றவர்கள் முகம் சுளிப்பதற்குள் அவர் ஸ்பேனரோடு கிளம்பிவிடுவார். முதலாளியே “மூக்கு சொன்னா சரி” என்பார். மாமாவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

நான் வெளியூரில் வயரிங் வேலை பார்ப்பவன். கம்பெனிக்கு வாயு கசிந்தால் கத்தும் சென்சார் பெட்டி கட்டாயம் என்று ஆனதும் மாமா என்னைத்தான் வரவழைத்தார். மெஷின் ரூமுக்குள் நுழைந்தபோது எனக்கு லேசாகக் கண் கரித்தது. பெட்டியைச் சுவரில் மாட்டி முடிப்பதற்குள் கண் கரிப்பது நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டேன். பெட்டி கத்த ஆரம்பித்தது.

“என்ன மாப்ள, பொறந்ததுமே அழுவுது?” மாமா மூச்சை இழுத்துப் பார்த்தார். “ஒண்ணுமில்ல. உன் சரக்குதான் சரியில்ல.”

“சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா உக்காந்து பேக்கிங் பண்றா மாமா. வெளயாடாதீங்க.”

“என் பொண்டாட்டிய நான் பாத்துக்க மாட்டனா?” என்று ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பெட்டிக்குத் தெரிந்தது ஒரே வேலை. காற்றில் வாயு எவ்வளவு இருக்கிறதோ அதைச் சொல்லும். நூறு தரம் கேட்டாலும் அலுக்காமல் அதையே சொல்லும். மூளைக்கு அந்தப் பொறுமை கிடையாது. மாறாமல் வருவதை, தெரிந்த சங்கதிதானே என்று ஒதுக்கிவிட்டு, புதுசாக ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். திடீர்க் கசிவை மாமாவின் மூக்கு பிடித்துவிடும். சன்னமாகத் தினமும் கசிவதை அவருடைய மூளையே மூடி மறைத்துவிடும். இதைச் சொன்னால் அந்த மனுஷன் கேட்கவா போகிறார்?

பெட்டி விற்ற கடைக்காரனை நாலு கேள்வி கேட்கலாம் வாங்க என்று ஆசை காட்டி அவரை என் ஊருக்குக் கூட்டிப்போனேன். சண்டை என்றதும் உடனே சட்டையை மாட்டினார். அந்தக் காற்றே படாமல் ஒரு ராத்திரி என் வீட்டில் தங்கவைத்து, மறுநாள் புதுப் பெட்டியோடு திரும்பினோம்.

மெஷின் ரூம் வாசலில் மாமா நின்றுவிட்டார். நெடியில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்க் குழாய் குழாயாகத் தடவினார். பேக்கிங் ரூம் சுவரை ஒட்டியிருந்த ஒரு வால்வில் கசிந்துகொண்டிருந்தது. எத்தனை மாதமோ, யாருக்குத் தெரியும்? இறுக்கி முடித்தார். புதுப் பெட்டியை மாட்டி சுவிட்சைப் போட்டேன். கத்தவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அடுப்படியில் அக்கா இருமினாள். இருமல் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள்.

“மாமா, இந்த இருமல் எப்பலேருந்து?”

பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். முகத்தில் கள்ளம் இல்லை.

“எந்த இருமல்?”