மச்சான் வண்டிக்கு என் கண்

என் மச்சான் தன்னுடைய ஜீப்பின் பின்பக்கம் ஒரு திருஷ்டி பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டான். முட்டைக்கண், தொங்கிய நாக்கு, இரண்டு கொம்பு. யாருடைய கண்ணுக்குப் பயந்து அதைக் கட்டினான் என்று எங்கள் மலையில், நெல்லிவாசல்நாட்டில், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் கண்ணுக்குத்தான். அவர்கள் சொல்வதில் தப்பும் இல்லை.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரரின் தம்பி. என் வயதுக்காரன். இரண்டு பேரும் மலையிலிருந்து திருப்பத்தூருக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டுகிறவர்கள். இரண்டும் ஒரே மாடல், நாலைந்து கை மாறி அடிபட்டு எங்களிடம் வந்து சேர்ந்த பழைய வண்டிகள். ரொம்ப வருடம் இரண்டும் ஒரே மாதிரி அசிங்கமாக இருந்தன. நாங்களும் சுமுகமாக இருந்தோம். சாமை மூட்டையோ புளி மூட்டையோ தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள், எது முதலில் வருகிறதோ அதில் ஏறினார்கள்.

பிறகு அவன் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தான். எங்கெங்கோ சேற்றிலும் பாறையிலும் ஜீப் ஓட்டுகிறவர்களின் வீடியோ. முதலில் முன்பக்கம் நீளமாக எல்இடி விளக்கு வந்தது. அப்புறம் அகல டயர். அப்புறம் கறுப்புப் பெயின்ட் அடித்த கம்பி பம்பர். கடைசியாக வண்டியையே தூக்கிவிட்டான். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக்கட்டை வைத்து உடம்பை உயர்த்துகிற சாமான், பார்சலில் வந்தது. எல்லாம் மலிவுச் சரக்கு. பெட்டியில் போட்டிருந்த கம்பெனிப் பெயரிலேயே ஒரு எழுத்து குறைந்தது. ஆனால் வண்டி நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே. பக்கத்தில் என் வண்டி உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது.

வயிறு எரிந்தது. மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? வயசானவர்களுக்கு ஏற முடியவில்லை என்று ஒரு முக்காலி வாங்கிப் போட்டான். அந்த முக்காலியைப் பார்த்தும் எரிந்தது. எப்போதும் என் வண்டியில் முன்சீட்டில் உட்காரும் நர்சம்மா ஒருநாள் அவன் முன்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக எனக்குக் கையாட்டிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. அந்த வருடம்தான் என் வண்டிக்குப் பிரேக்கில் இருந்த எல்லாவற்றையும் ஒரிஜினலாக மாற்றியிருந்தேன். அது யார் கண்ணுக்குத் தெரிகிறது? மிச்சமிருந்த காசில் தெரிகிற மாதிரி ஒன்று செய்யலாம் என்று பஜாரில் போய் ரத்தச் சிவப்பில் சீட்டு கவர் வாங்கி மாட்டினேன். முதல் மழை நாளில் அது சாயம் விட்டது. சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள் அத்தனை பேரின் பின்பக்கமும் சிவப்பு. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து திட்டிவிட்டுப் போனார். மச்சான் அதை மலை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

இதோடு போயிருந்தால் நான் எரிந்து எரிந்து அடங்கியிருப்பேன். அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மண்டபம் திருப்பத்தூரில். எங்கள் வீட்டு முறைப்படி பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப்போவது தாய்மாமன். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து மலைக்கு ஏற்றிவந்ததும் இதே என் வண்டிதான். அந்த ஒரு விஷயத்தில் மச்சானால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்திருந்தேன். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பொண்ணு சித்தப்பா வண்டில போணும்னு ஆசப்படுது. வீடியோக்காரரும் அதான் எடுப்பா கீதுன்றாரு. வுட்டுக் குடுடா."

"அப்போ மாமன்னு நான் இன்னாத்துக்கு?"

"நீ சீர்த்தட்டெல்லாம் ஏத்திகினு வா. அதுவும் மொறதான்."

சீர்த்தட்டு. இருபது வருடமாக ஆள் ஏற்றுகிறவனுக்குத் தட்டு ஏற்றும் வேலை. பெண்ணிடமே கேட்டேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உன் சீட்டு கவர்ல பட்டுப் பொடவ இன்னா ஆவும் மாமா?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மச்சான் வண்டியை அக்கா வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தான். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே குனிந்தேன். கண்டுபிடித்தேன். பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ், மேலே உடம்பிலிருந்து கீழே அச்சுக்கு வருவது, முன்பக்கம் விறைத்துக்கொண்டு நின்றது. வண்டியைத் தூக்கியவன் ஹோஸை நீளமாக மாற்றவில்லை. போட்டிருந்ததும் பஜார் ஹோஸ், அதற்குள் வெடிப்பு விட்டிருந்தது. சமதரையிலேயே இப்படி என்றால் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது அது இன்னும் இழுபடும். எங்கள் பழைய வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஆயில் ஒரே வழியாகத்தான் போகிறது. ஒரு ஹோஸ் அறுந்தால் மொத்த பிரேக்கும் போயிற்று.

எழுந்து நின்று சொன்னேன். "மச்சான், ஹோஸ் இழுத்துகினு நிக்குது. எறக்கத்துல அறுந்துரும். கல்யாணத்துக்குள்ள மாத்திரு."

அவன் அக்கா கொடுத்த டீயை உறிஞ்சிவிட்டு, "இன்னும் இன்னா இன்னா அறுந்துரும் மச்சான்?" என்றான். "டயரு வெடிக்குமா? லைட்டு அவியுமா? எல்லாத்தையும் இப்பவே சொல்லிரு."

"நெசமாத்தான் சொல்றேன்."

"நெசமாத்தான் வயிறெரியுது உனக்கு."

அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நல்ல காரியத்தப்ப வாய மூடிகினு இருய்யா" என்றார். அக்காவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய் மிளகாயும் உப்பும் எடுத்துவந்து மச்சான் வண்டிக்குச் சுற்றி, என் கண்முன்னாலேயே அடுப்பில் போட்டாள். எனக்கு வந்த கோபத்தில், அறுந்தால் அறுந்து போகட்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து படுத்தால் அந்த வண்டிக்குள் உட்காரப்போவது யார் என்ற நினைப்பு. மச்சான் தனியாகப் போவதாக இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, அவன் வண்டி புறப்படுவதற்குள் நான் என் ஜீப்பை எடுத்து முன்னால் விட்டேன். என்னோடு என் மனைவியும் சீர்த்தட்டுகளும். இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டாம் கியருக்கு வந்தேன். ரோட்டின் நடுவில் ஓட்டினேன். ஹோஸ் அறுந்தால் அந்த வண்டிக்கு முன்னால் என் வண்டி இருக்க வேண்டும், பள்ளத்தாக்கு இருக்கக் கூடாது. இதுதான் என் கணக்கு. அவன் எனக்கு முன்னால் பெண்ணோடு போவதைப் பார்க்க எனக்குச் சகிக்காது என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது.

பின்னால் ஹாரன் அடித்தான். வழி விடவில்லை. வீடியோக்காரர் அவன் வண்டிக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, என் வண்டி படத்தில் விழுகிறது, ஒதுங்கு என்று கையை வீசினார். ஒதுங்கவில்லை. பின்னால் வந்த வேனிலிருந்து யாரோ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியது வளைவில் தெளிவாகக் கேட்டது.

"வழிய வுடுய்யா, மானம் போவுது" என்றாள் என் மனைவி.

"போவட்டும்."

பாதி இறக்கத்தில் ஒரு சின்னப் பாலம். அதன் ஓரம் மழையில் அரித்துப் போயிருந்தது. என் சக்கரம் அதில் இறங்கி ஏறியது. பின்னால் அவனுடையதும் இறங்கி ஏறியிருக்க வேண்டும். அதற்கப்புறம் அவன் அடித்த ஹாரன் வேறு மாதிரி இருந்தது. விட்டு விட்டு வரவில்லை. கையை எடுக்காமல் அடித்தான்.

கண்ணாடியில் பார்த்தேன். அவன் வாய் திறந்திருந்தது. நான் முதல் கியருக்கு இறங்கி, மனைவியிடம் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இடித்தான். சீர்த்தட்டில் இருந்த ஆப்பிள் எல்லாம் என் காலடியில் உருண்டு வந்தது. நான் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதித்தேன். இரண்டு வண்டியும் ஒட்டிக்கொண்டு வளைவு வரை தேய்ந்து போய், தடுப்புக்கல்லுக்கு முன்னால் நின்றன. கல்லுக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி தெரிந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மச்சான் நெற்றியில் ஒரு வீக்கம். அவனுடைய கறுப்புப் பம்பர் அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். ஹோஸ் இரண்டாக அறுந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. இப்போதாவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று நிமிர்ந்தேன்.

"சொன்ன மாதிரியே ஆவ வச்சிட்டான் பாரு" என்றார் வேனிலிருந்து இறங்கிய ஒருவர். "கருநாக்கு."

அக்கா என்னைப் பார்த்த பார்வையிலும் அதுதான் இருந்தது. ஹோஸ் மலிவுச் சரக்கு என்பதால் அறுந்ததாக அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. நான் வாய் வைத்தேன், கண் வைத்தேன், அறுந்துவிட்டது. வழிவிடாமல் போனதால்தான் இடித்தது என்று இன்னொரு கட்சியும் உண்டு. இன்றைக்கும் உண்டு.

பெண் இறங்கி வந்தாள். மச்சான் தோளிலிருந்த துண்டை வாங்கி என் சிவப்புச் சீட்டின் மேல் விரித்து, முன்னால் உட்கார்ந்தாள். மண்டபத்தில் என் வண்டியிலிருந்துதான் இறங்கினாள். நான் ஆசைப்பட்டதுதான் நடந்தது. ஆனால் அதற்கு ஒரு படம் கூட இல்லை. இடித்தபோது கீழே விழுந்து வீடியோக்காரரின் கேமரா போய்விட்டது. வண்டிப் படம் என்று ஆல்பத்தில் இருப்பதெல்லாம் கிளம்புவதற்கு முன்னால் எடுத்தவை, மச்சான் வண்டியில் அவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவை. அக்கா வீட்டுக்குப் போனால் அந்த ஆல்பத்தை யாராவது எடுத்து என் மடியில் வைக்கிறார்கள்.

போன மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரி. தாயையும் பிள்ளையையும் மலைக்கு அழைத்துவர வேண்டும். சீட்டு கவரை என்றைக்கோ கிழித்துப் போட்டிருந்தேன். சீட்டில் புதுப் போர்வை விரித்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் மச்சான் வண்டியும் நின்றது. பம்பர் புதுசு. அதன் கீழே படுத்துப் பார்த்தேன். நீளமான ஹோஸ், ஒரிஜினல், முன்னும் பின்னும். வண்டியைக் கொஞ்சம் இறக்கியும் இருந்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அவள் குழந்தையோடு வெளியே வந்தாள். என் போர்வையைப் பார்த்தாள். அப்புறம், "சித்தப்பா வண்டிலியே வர்றேன் மாமா. குலுங்காம போவுது" என்றாள்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க போற? அன்னிக்கு எறக்கம், முன்னாடி போன. இன்னிக்கு ஏத்தம். பின்னாடி வா மாமா. நீ வந்தாதான் நான் ஏறுவேன்."

மலை ஏறும் வரை அவன் கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் போனேன். அவன் வண்டியில் அந்தத் திருஷ்டி பொம்மை என்னைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டே வந்தது. உள்ளே குழந்தை மச்சானைப் பார்த்துக் கண் திறந்ததோ என்னவோ, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிந்தது. எந்த வளைவிலும் நான் இடைவெளி விடவில்லை.