நொட்டைக்காரர் சொன்ன வேணாம்

டிக்கிக்குள் தலையை விட்டு, ஸ்டெப்னி டயரை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, அது உட்கார்ந்திருந்த குழியை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே தெரிவது இடுப்புக்குக் கீழே மட்டும்தான். ஓட்டிப் பார்க்க என்று பழைய கார் யார்டுக்கு வெளியே, ரோட்டுக்குக் கொண்டுவந்த வண்டி. வாங்க வந்தவர் பக்கத்தில் நின்று, "என்னங்க, எதாவது வாசனை வருதா?" என்கிறார். உள்ளே இருந்து பதில் வருகிறது.

"வருது. சென்ட்டு வாசனை. டயர் குழிக்கு எதுக்குங்க சென்ட்டு? அதுக்கு என்ன பொண்ணு பாக்க வர்றாங்களா?"

சேற்று நாற்றத்தை மறைக்க அடித்தது; வெள்ளத்தில் முங்கின வண்டி என்று அர்த்தம். வாங்க வந்தவருக்கு முகம் தொங்கிப்போகிறது. இவருக்கு அதில் ஒரு திருப்தி. தலையை வெளியே இழுத்துக்கொண்டு, முட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டி விடுகிறார்.

என் பெயின்ட் பட்டறைக்கும் பழைய கார் விற்கிற யார்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அதனால் இவர் குரல் கேட்காத நாள் எனக்குக் குறைவு. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இவரைக் கூலிக்குக் கூட்டி வருவார்கள். இவர் பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். யார்டில் இருப்பவர்கள் வைத்த பெயர் நொட்டைக்காரர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். "வாங்க நொட்டைக்காரரே, இன்னைக்கு எந்த வண்டிக்கு வாய்க்கரிசி?" என்பார் யார்டு முதலாளி. இவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பெயரில் கொஞ்சம் பெருமைகூட உண்டு என்று நினைக்கிறேன்.

பாவப்பட்டு எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாவப்படுகிற மாதிரியான ஆள் இல்லை அவர். ஒருத்தன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்தால், காலரைத் திருப்பித் தையலைப் பார்ப்பார். என் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது உட்காரச் சொன்னேன். உட்காராமல் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பிளைவுட்டா?" என்றார். மகளுக்குக் குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்களாம். பேத்தியை விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "காது ரெண்டும் ஒரே அளவா இல்லையே" என்றாராம். அவர் சம்சாரம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தம்மாவே என்னிடம் சொன்னது இது. நானும் அவர்களும் ஒரே தெரு.

ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் குறை சொல்ல முடியாது. இப்போது யார்டில் நிற்க நேரமில்லாமல் விற்றுப்போவது சொகுசு வண்டிகளில் குட்டி ரகம்தான். வெளியே பார்த்தால் ஜீப் மாதிரி உயரம், உள்ளே தோல் சீட்டு, கூரையில் கண்ணாடி, மூக்கில் வெள்ளிச் சின்னம். புதிதாக வாங்க வக்கில்லாதவனுக்கும் அந்தச் சின்னத்தின் மேல் ஒரு கண். நொட்டைக்காரருக்கு இந்த ரகத்தைக் கண்டாலே நாக்கு நீளும்.

"இதை வாங்குறது பெரிய விஷயமே இல்லைங்க. அஞ்சு வருசம் ஓடினதும் பாதி விலைக்கு இறங்கிடும். ஆனா ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. ஒரு ஹெட்லைட் போச்சுன்னா வீட்டுல நகையைத் தேடணும்."

வண்டி சூடாக நின்றால் பக்கத்திலேயே போக மாட்டார். "முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான். முதல் சத்தத்தை நான் கேக்கக் கூடாதுன்னு பாக்குறான். ஆறட்டும்" என்று ஓரமாகக் குந்திவிடுவார். கிலோமீட்டர் ஓட்டத்தை மீட்டரில் பார்க்க மாட்டார். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் தோலும் தேய்ந்திருப்பதைப் பார்ப்பார். "மீட்டரைத் திருப்பலாம், ரப்பரைத் திருப்ப முடியுமா?" கூரைக் கண்ணாடியைத் திறந்து ஓரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் குழாய் வழியாக ஒழுங்காகச் சக்கரத்துக்குப் பின்னால் ஒழுக வேண்டும். சீட்டில் ஒழுகினால் யார்டு முதலாளி குதிப்பார், இவர் சிரிப்பார். எல்லாக் கண்ணாடியிலும் மூலையில் பொடியாகப் போட்டிருக்கும் வருஷத்தைப் படிப்பார். ஒன்று மட்டும் வேறு வருஷமாக இருந்தால், "இந்தக் கண்ணாடி மட்டும் ஏன் தம்பியா பொறந்திருக்கு?" என்பார். ஆட்டோமேட்டிக் கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றி மாற்றிப் போட்டு, உதைக்கிறதா என்று முதுகால் பார்ப்பார்.

எல்லாம் பார்த்த பிறகு யார்டு நடுவில் நின்று, அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "இது வேணாங்க, வாங்க போலாம்" என்பார்.

இதில்தான் சூட்சுமம். எந்த வண்டிக்கும் இதைத்தான் சொல்வார். முத்து மாதிரி வண்டியாக இருந்தாலும் டயர் பழசு, கீறல் இருக்கு, பேட்டரி செத்துப்போச்சு என்று சில்லறை நொட்டைகளை அடுக்கிவிட்டு நடக்க ஆரம்பித்துவிடுவார். முதலாளி பின்னாலேயே வந்து விலையைக் குறைப்பார். குறைத்ததும் திரும்பி வந்து முடித்துக்கொள்வார்கள். நிஜமாகவே வண்டி மோசம் என்றால், அதை யார்டுக்குள் வாயே திறக்க மாட்டார். கேட்டுக்கு வெளியே போய், ரோட்டில் வைத்துத்தான் சொல்வார். பெரிய நொட்டையை முதலாளி முகத்துக்கு நேரே உடைத்தால் மறுபடி எந்த யார்டிலும் கால் வைக்க முடியாது. "உள்ள சொல்றது விலைக்கு, வெளிய சொல்றது வண்டிக்கு" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். பிழைப்பு அது. குற்றம் சொல்ல நான் யார்?

அவர் மாப்பிள்ளை கெட்டவன் இல்லை. ஏதோ ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை. மாமனார் மேல் உண்மையான ஆசை. லீவு நாளில் சில தடவை கூடவே வந்து, இவர் யார்டில் போடுகிற நாடகத்தைப் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரிப்பான். "மாமா, நீங்க நடிக்கப் போயிருக்கணும். வீணா போயிட்டீங்க" என்பான். நொட்டைக்காரருக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துவிடும். ஆனால் அவன் பார்த்ததெல்லாம் உள்ளே சொல்கிற வேணாம். கேட்டுக்கு வெளியே சொல்கிற வேணாம் இருக்கிறது என்று அவனுக்கு இவர் சொன்னதே இல்லை. தொழில் ரகசியம்.

அப்புறம் அவனுக்கே அந்தக் குட்டி சொகுசு வண்டி ஆசை வந்தது. வெள்ளை நிறம், கூரைக் கண்ணாடி, வெள்ளிச் சின்னம் எல்லாம் இருந்தது. வெளியூரில் இருந்து வந்த வண்டி. என் பட்டறையில் அடித்த பெயின்ட் இல்லை. ஆனால் யாரோ நன்றாகவே அடித்திருந்தான். மகள், மாப்பிள்ளை, பேத்தி, நொட்டைக்காரர் எல்லாரும் வந்து இறங்கினார்கள். நான் தடுப்பு ஓரமாக நின்று பார்த்தேன்.

எப்போதும் போலத்தான் ஆரம்பித்தார். முன் சீட்டில் உட்கார்ந்ததும் மட்டும் பேச்சு நின்றுபோனது. பெல்ட் மாட்டுகிற கொக்கி இருக்கிறதே, அது இருக்க வேண்டிய உயரத்துக்கு இரண்டு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. பலத்த அடி வாங்கின வண்டியில்தான் அது அப்படி இழுத்துக்கொள்ளும். டேஷ்போர்டை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். மோதும்போது விரிகிற ஏர்பேக், அந்தப் பலூனின் மூடி இருக்கிற இடத்தில் தோலின் சொரசொரப்பு மற்ற இடத்தோடு ஒட்டவில்லை. சாவியைத் திருப்பினார். பலூன் விளக்கு எரிந்து, ஒழுங்காக அணைந்தது. மறுபடி திருப்பினார். மறுபடியும் ஒழுங்காக அணைந்தது. இறங்கினார்.

மோதின வண்டி. பலூன் எல்லாம் வெடித்துப்போய், புதிது போடக் காசு செலவழிக்காமல், காலி இடத்தை மேலே மூடி ஒட்டி, விளக்கு மட்டும் ஒழுங்காக எரிகிற மாதிரி செய்திருக்கிறான். இது எனக்குப் பிறகு அவர் சொன்னது. அப்போது உள்ளே அவர் சொன்னது வேறு.

"டயர் மாத்தணும். பம்பர்ல கீறல். ஏசி சரியா குளிரல. இது வேணாம் மாப்பிள்ளை, வாங்க போலாம்."

சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டி நடந்தார். ரோட்டோரம் போய் நின்று, மாப்பிள்ளை வருவான் என்று காத்திருந்தார்.

மாப்பிள்ளை வரவில்லை. அவன் முதலாளியைப் பார்த்துக் கண் சிமிட்டி, "மாமா வேணாம்னுட்டாரு, பாத்தீங்கல்ல? விலையைச் சொல்லுங்க" என்றான். முதலாளிக்கு அந்த வண்டியைத் தள்ளிவிட வேண்டிய அவசரம். கேட்டதற்கு மேலேயே குறைத்தார். மகள் கை தட்டினாள். முன்பணத்தை போனிலேயே அனுப்பி, சாவியை வாங்கி, பேத்தியைப் பானெட் மேல் உட்காரவைத்துப் படமும் எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பியாகிவிட்டது. வெளியே நின்றவர் சந்தேகப்பட்டுத் திரும்பி உள்ளே வந்தபோது, மாப்பிள்ளை ஓடி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"கலக்கிட்டீங்க மாமா! முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு வெளிய போனீங்க பாருங்க, அந்த ஆளு ஆடிப்போயிட்டாரு."

"மாப்பிள்ளை, இந்த வண்டி வேணாம்."

"போதும் மாமா. வாங்கியாச்சு. இன்னும் யாருகிட்ட விலை குறைக்கணும்?"

"நான் நெசமாத்தான் சொல்றேன். அதுல பலூன் இல்ல. அடிபட்ட வண்டி."

முதலாளி அங்கேயே நிற்கிறார். ஆயுசிலேயே முதல் தடவையாக நொட்டைக்காரர் பெரிய நொட்டையை யார்டுக்குள் உடைத்தார். முதலாளிக்குக் கோபம்கூட வரவில்லை. "அண்ணே, அதான் குறைச்சுட்டேனே! இன்னுமா?" என்று சிரித்தார். மகளும் சிரித்தாள். எல்லாரும் சிரிக்கிற இடத்தில் ஒரு மனுஷன் மட்டும் குரல் உடைந்து, "ஏம்மா, நீயாவது கேளும்மா" என்று சொன்னதை நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அதையும் நடிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். மாப்பிள்ளை சளைக்காமல் வண்டியை ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதி வாங்கி வந்துவிட்டான். "கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? அந்த ஒயர்ல ஒரு சின்ன ரெசிஸ்டரை சொருகிட்டா, பலூன் இருக்குன்னு அது நம்பிக்கும். டேஷ்போர்டைக் கழட்டுங்க, காட்டுறேன்" என்றார் இவர். புது வண்டி டேஷ்போர்டைக் கழற்ற யார் விடுவான்? பழைய வண்டிதான், ஆனால் அவர்களுக்குப் புதிது. மகள்தான் கடைசியில் நறுக்கென்று கேட்டாளாம்.

"எங்க மேல உங்களுக்கு என்னப்பா கோவம்? ஊர்ல எவனுக்கா இருந்தாலும் வேணாம்னு சொல்லிட்டு, கடைசியில வாங்கித்தானே குடுக்குறீங்க. நாங்க வாங்கினா மட்டும் நொட்டையா?"

அன்றைக்கு என் பட்டறைக்கு வந்து காலி பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. "பெயின்டரே, நான் முதல்லயே உள்ள வச்சு சொல்லியிருக்கணும்" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? மறுநாள் யார்டில் அவர் குரல் கேட்டது. யாரோ ஒருவர் வண்டிக்கு, டயர் பழசு, பேட்டரி செத்துப்போச்சு, வேணாங்க, வாங்க போலாம். பெரிய நொட்டையை இன்றைக்கும் கேட்டுக்கு வெளியேதான் சொல்கிறார். வயிறு என்று ஒன்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை வண்டி எங்கள் தெருவுக்கு வரும். அந்த வெள்ளிச் சின்னத்தைப் பார்க்க நாலு பேர் நிற்பார்கள். மகள் முன் சீட்டில், பேத்தி அவள் மடியில். நொட்டைக்காரர் முதலில் சாவியைக் கேட்டுப் பார்த்தார், நான் ஓட்டுகிறேன் என்று. "என் கைக்குப் பழகட்டும் மாமா" என்று மாப்பிள்ளை தரவில்லை. இப்போது சாவியைக் கேட்பதில்லை. நேராகப் போய் முன் கதவைத் திறக்கிறார்.

"பின்னாடி போம்மா."

"எதுக்குப்பா?"

"முட்டி வலி. கால் நீட்டணும்."

"போன வாரமும் இதையே சொன்னீங்க."

"இந்த வாரமும் வலிக்குது. போ. பின்னாடி பெல்ட்டைப் போடு. பாப்பாவுக்கும் போடு."

மகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்குகிறாள். "வாங்கினது என் புருசன், சொகுசு இவருக்கு." மாப்பிள்ளை ஸ்டீயரிங்கில் தட்டிச் சிரிக்கிறான். "வண்டியே வேணாம்னவரு, இப்ப முன் சீட்டை விட மாட்டேங்குறாரு." நின்ற நாலு பேரும் சிரிக்கிறார்கள். இவர் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். வண்டி நகர்ந்ததும், டேஷ்போர்டில், பலூன் இல்லாத அந்த இடத்தின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஊன்றிக்கொண்டார்.