பனையடியில் வைத்த கல்

பட்டாபிராமில் என் அறைக்குப் பக்கத்துக் கடைக்காரர் இன்று காலையும், "நீங்க கேரளாவாம்மா?" என்று கேட்டார். ஆறு வருடமாக அவரிடம்தான் பால் வாங்குகிறேன், தமிழில்தான் கேட்டு வாங்குகிறேன். மன்னார் என்றேன். மன்னார்குடியா என்றார். இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். இதை எழுத நாலு நாள் பிடித்தது. எங்கள் கரையில் மிஞ்சியவர்களும், என்னைப்போல் கரை மாறியவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் ஊரில் யாரும் சும்மா நடப்பதில்லை. தண்ணீருக்கு, மீனுக்கு, கோயிலுக்கு என்றுதான் நடப்போம். ஓர் இடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற நடையை இங்கேதான் கண்டேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலச் சனிக்கிழமைகளில் விடியும்போது எங்கள் மாதா கோயில் பங்குப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் திருநின்றவூர் ஏரிக்கு நடப்போம். காலில் செருப்பில்லை, வாயில் பேச்சில்லை. கரை ஏறும்வரை பார்ப்பதும் கேட்பதும்தான் செபம். கொக்கு எழும்பினால் எல்லாரும் நிற்போம். அது இறங்கிய பிறகே அடுத்த அடி. ஆளுக்கொரு கல் கையில் இருக்கும். உயிரோடு இருப்பவருக்காகத் தூக்கிய கல் திரும்ப வீட்டுக்கு வரும். இறந்தவருக்கான கல்லைக் கரைமேல் உள்ள ஒற்றைப் பனையடியில் வைத்துவிட வேண்டும். அதன்பின் வாய் திறக்கலாம். தூக்குவாளிக் கஞ்சியும் கேலியும் கைமாறும். அந்த ஒரு மணி நேரம் நான் யாருக்கும் அகதி இல்லை.

நான் தூக்கியது என் மகன் யூட்டுக்காக. சீனி வாங்கி வருகிறேன் என்று சைக்கிளில் போனவன். இரண்டு கிழமை, பதினாலு நாள், பார்த்திருந்துவிட்டுத்தான் படகேறினேன். செத்தான் என்று சொன்னவரும் இல்லை, கண்டேன் என்று சொன்னவரும் இல்லை. நாலு தவக்காலம் அந்தக் கல்லைத் திருப்பிக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தேன்.

போன வருடம் பாதி வழியில் காலில் முள் ஏறிவிட்டது. ஸ்டெல்லா கையை நீட்டினாள். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்காரி, ஆவடியிலேயே பிறந்தவள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் துணியைத் துவைத்துப் போட்டவள். என் சுமையை நான் எவரிடமும் கொடுப்பதில்லை. அவளிடம் கொடுத்தேன். நொண்டிக்கொண்டு கரை ஏறியபோது அவள் கை வெறுமையாக இருந்தது.

"என்ர கல் எங்க?"

"வெச்சிட்டேன்க்கா. எங்கம்மா கல்லு பக்கத்துலயே. எத்தினி வருசம் தூக்கினு நடப்பே? எல்லாரும் மனசுல நெனச்சினுதான் கீறாங்க, ஒருத்தரும் சொல்லல. எறக்கி வையிக்கா, அவன் தூங்கட்டும்."

"என்ர பிள்ளை சாகேல்லை. அதைச் சொல்ல நீ ஆர்?"

அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. பனையடியில் உட்கார்ந்து குவியலைக் கிளறினேன். அவளும் அழுதுகொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாம் தண்டவாளத்து ஓரம் பொறுக்கிய கருங்கல் ஜல்லி, ஒரே நிறம். ஊர்க்கல்லாக இருந்தால் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் கரையில் கல் ஏது, மணல்தானே. ஒவ்வொன்றாக எடுத்து, "இதுவாக்கா? இதுவா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருடம் கைக்குள் பொத்தி நடந்த கல், அடையாளம் தெரியவில்லை. பெற்றவள் நான்.

கடைசியில் உள்ளங்கைக்குப் பொருந்திய ஒன்றை எடுத்துக்கொண்டேன். அன்று கஞ்சியை யாரும் தொடவில்லை. ஸ்டெல்லாவிடம் நான் மன்னிப்பும் கேட்கவில்லை. அது என் குணம்.

ஜன்னலில் இருப்பது என் மகனுடையதா, அவள் தாயுடையதா, இன்றுவரை தெரியாது. இந்தத் தவக்காலமும் நடந்தேன். கல்லைக் கீழே வைக்காமலே குனிந்து, பனையடிக் குவியலையும் தொட்டேன். ஸ்டெல்லா வந்து கையை நீட்டினாள். கொடுத்தேன். அதை முத்தமிட்டு, திரும்ப என் கையிலேயே வைத்து மூடினாள்.