கோர்ட்டில் பிட்னி போட முடியாது

நான் முட்டாள் என்பதை எனக்கு எழுத்தில் தர ஒரு கோர்ட் தேவைப்பட்டது.

பிள்ளையார்பாளையத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டினார். அந்த வேகத்தில் காம்பவுண்டு சுவரை என் இடத்துக்குள் அரை அடி தள்ளி எழுப்பினார். மாடித் தண்ணீர்க் குழாயையும் என் பக்கம் திருப்பிவிட்டார். தாராள மனசு. மழை பெய்தால் என் தறிக்குழியில் தண்ணீர். அந்தக் குழிக்குள் காலை விட்டு மிதித்தால்தான் தறி ஓடும்.

வக்கீலிடம் சுவரைப் பற்றி மட்டும் சொன்னேன். "வேற எதுனா இருக்குதா?" என்றார்.

"கொழாயையும் எழுதச் சொல்லுயா," என்றாள் மனைவி.

"நீ சும்மா இருமா. மொதல்ல ஒடம்பு, அப்பறம்தான் முந்தி."

எங்கள் தொழிலில் அப்படித்தான். சேலையின் உடலை நெய்த பிறகு, முந்திக்கான வேறு நிறப் பாவு நூலை அதோடு இழை இழையாக இணைப்போம். அதற்குப் பெயர் பிட்னி. வழக்கையும் அப்படி இணைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என்ன அறிவு!

சுவர் வழக்கில் ஜெயித்தேன். அடுத்து குழாய்க்கு வழக்குப் போட்டேன். தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஒரே கட்டட வேலையால் வந்த தொல்லை என்பதால் எல்லாவற்றையும் முதல் வழக்கிலேயே கேட்டிருக்க வேண்டுமாம். மிச்சத்தைப் பிறகு கேட்பதென்றால் அதற்கும் அப்போதே கோர்ட்டில் அனுமதி வாங்கியிருக்க வேண்டுமாம்.

"நான் அன்னிக்கே கேட்டனே, நீதான்பா சொல்லல," என்றார் வக்கீல். இரண்டாவது வழக்கை எழுதும்போது இது ஏன் ஞாபகம் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. பாவம், படித்தவர்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மச்சான் போனில் ஆறுதல் சொன்னான். "மாமா, இங்கன்னா மீதிய அப்பறமா கேக்கலாமாம்."

"அப்டியா? வூட்ட தூக்கிக்கினு அங்க வந்துடட்டுமா?"

தீர்ப்புப்படி சுவரை இடித்தார்கள். அதுவரை பாதித் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்ததே அந்தச் சுவர்தான். இப்போது முழுதும் நேராக வருகிறது.

"சொவுத்ததானபா கேட்ட? எட்த்துட்டேன்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அடுத்த மழையில் தறிக்குழி நிரம்பிவிட்டது. மனைவி வாளியை என் கையில் திணித்தாள்.

"ஒடம்பு முடிஞ்சிது. முந்தி எப்பயா?"

தண்ணீரை இறைத்தேன். தறியில் பாதி நெய்த சேலை இருந்தது.