இன்னும் சூடேறல

பள்ளிபாளையத்தை ஒட்டிய அந்த மோட்டார் பட்டறையில் சௌந்திரத்தின் குரல் பிரசித்தம். பதினெட்டு வருடமாகச் சோதனை மேசையில் நிற்கிறாள். ஒரு மோட்டார் எவ்வளவு கரண்டைத் தின்கிறது, அதில் எவ்வளவை வேலையாகத் திருப்பித் தருகிறது என்று மீட்டரைப் பார்த்து உரக்கப் படிப்பாள். எதிரில் இருப்பவர் எழுதிக்கொள்வார். விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மெல்லப் பேசத் தெரியாது.

அன்று மேசையில் ஏறியது அவள் தம்பி ஆனந்தகுமார் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டிய மோட்டார். தாய் கண்ணை மூடிய பிறகு அவள் சோறூட்டி வளர்த்த தம்பி. அவன் கட்டியவை இரண்டு முறை திரும்பி வந்துவிட்டன. இதுவும் தேறாவிட்டால் அவனுக்கு இங்கே இடமில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். தேற நூற்றுக்கு எண்பத்தெட்டு வேண்டும். வாங்கும் கம்பெனியின் தனசேகர் பேனாவோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

சுவிட்சைப் போட்டாள். "எண்பத்தெட்டு புள்ளி ஏழு!"

வாசலில் நின்ற தம்பி துள்ளினான். "அக்கா, தேறிருச்சு!"

"இரு சாமி, இன்னும் சூடேறல..."

மோட்டார் இரைச்சல் அதை விழுங்கியது. அவன் ஓடிவிட்டான். குளிர்ந்த மோட்டாரின் எண் செல்லாது. மூன்று மணி நேரம் பாரம் இழுத்து, உள்ளே செம்புக் கம்பி சூடேறி, அந்தச் சூடு நிலைத்த பிறகு வருவதுதான் கணக்கு. காயில் கட்டும் அவனுக்கு அது தெரியாது.

சூடு ஏற ஏற எண் இறங்கியது. எண்பத்தெட்டரை. எண்பத்தெட்டு புள்ளி ஒன்று. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் மோட்டாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஏறாதே என்று அவள் கெஞ்சினால் சூடு கேட்குமா?

தம்பி ஜிலேபிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தான். "ரங்கண்ணா, எடுத்துக்கங்க!"

"மோட்டாரைவிட நீ வேகமா சுத்தறியேப்பா!" என்றார் லேத்து ரங்கன்.

"வீட்டுல மோகனப்பிரியாவுக்கும் போன் பண்ணிட்டேன்க்கா. சந்தோசத்துல அழுதுட்டா."

மீட்டர் ஓர் எண்ணில் நின்றது. சௌந்திரத்தின் உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கலைங்கம்மா, சத்தமாச் சொல்லுங்க" என்றார் தனசேகர்.

"எண்பத்தேழு புள்ளி நாலு."

சிரிப்பு மாறாத முகத்தோடு தம்பி கேட்டான்: "அது எந்த மோட்டாரு, அக்கா?"

மேசையில் ஒரே ஒரு மோட்டார்தான் ஓடிக்கொண்டிருந்தது.