சாமியார் கடிதத்தில் கிடைத்த பார்மசி சீட்டு

பிளஸ் டூ வேதியியலில் எனக்கு நாற்பத்தொன்று. என் தோழிக்கு எண்பத்தெட்டு. என்னுடைய நாற்பத்தொன்றிலும் பாதி அவள் போட்ட பிச்சை. கொடைக்கானலில் நாங்கள் படித்த கன்னியர் பள்ளியில், சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் எனக்குச் சமன்பாடு சொல்லிக்கொடுத்தே நேரத்தைத் தொலைப்பாள். ஆனாலும் பி.பார்ம் படித்தது நான்தான். எப்படிப் படித்தாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்காததால் நானே சொல்லிவிடுகிறேன்.

மலைக்குக் கீழே எங்கள் கத்தோலிக்கச் சபை நடத்தும் பார்மசி கல்லூரி ஒன்று உண்டு. ஒவ்வொரு பங்குக் கோயிலிலிருந்தும் வருடத்துக்கு ஒரு பிள்ளை, சாமியார் கொடுக்கும் கடிதத்தோடு போனால் படிப்பும் விடுதியும் இலவசம். பாஸ் ஆகியிருந்தால் போதும். குடும்பம் ஒழுங்காகப் பூசைக்கு வருகிற குடும்பமா என்பதைத்தான் பார்ப்பார்கள். அந்த வருடம் எங்கள் பங்கில் கடிதம் கேட்டது இரண்டே பேர், அவளும் நானும். பணம் கட்டி வேறு கல்லூரிக்குப் போக இரண்டு வீட்டிலும் வழியில்லை. என் அம்மா மிஷன் பள்ளியில் சமையல்காரி, அவள் அம்மா பேத்துப்பாறையில் தோட்டக் கூலி. சாமியார் இருவரின் மார்க்கையும் பார்த்துவிட்டு, அவளுக்கே கொடுப்பது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தையல் கற்றுக்கொள்ள ஆசையுண்டா என்று அன்பாக விசாரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வீட்டில் ஒரு ரகசியம் இருந்தது. அவள் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். அப்பா எழுந்து நடமாட ஆரம்பித்தார். அன்றிலிருந்து அவள் அம்மா ஜெபவீட்டுக்குப் போனார், அந்தச் சபை வழக்கப்படி நகையையும் கழற்றிவிட்டார். பேத்துப்பாறைச் சிற்றாலயத்தில் மாதத்துக்கு ஒரு பூசைதான். அதற்கு முக்காட்டைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் முழந்தாளிட்டுவிடுவார். சாமியாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, கையோடு கடிதத்தைத் தருகிறேன் என்று சாமியார் அவளுக்கு ஒரு நாள் குறித்தார். மூளிக் காதோடு எப்படிப் போவது? அவள் என்னிடம் வந்து என் அம்மாவின் கவரிங் தோட்டைக் கேட்டாள். நானே அதை எடுத்துக்கொண்டு அன்று வெள்ளனே ஜீப்பில் தொற்றி அவள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவுக்குக் காதுத்துளை தூர்ந்து போயிருந்தது. தேங்காய் எண்ணெயைத் தடவி, தோட்டின் காம்பை நானே அழுத்தி ஏற்றினேன். வலது காதில் ரத்தம் வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் என் தலையில் கைவைத்து, நீ நல்லா இருப்ப தாயி என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன்.

அம்மா தேடுவாள் என்று சொல்லிவிட்டு அவர்களுக்கு முன்னால் கிளம்பினேன். வீட்டுக்குப் போகவில்லை, நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போனேன். போகிற வழியில் மனசு மாறியது, கால் பின்னியது என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி எதுவும் இல்லை. வெரசாகவே நடந்தேன்.

சாமியார் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

"சாமி, அவங்க அம்மா காதை மட்டும் பாருங்க," என்றேன்.

அவர்கள் வந்தபோது நான் வராந்தாவில் நின்றேன். சாமியார் கடுமையாகப் பேசுகிறவர் அல்ல. காதில் என்னம்மா வீக்கம் என்றுதான் கேட்டார். அந்த அம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அங்கேயே தோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பிள்ளைக்காகப் போட்டேன் சாமி என்றார். என் தோழி அந்தத் தோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, கதவு வழியாக என்னைப் பார்த்தாள். துளை தூர்ந்தது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அவள் கணக்கில் புலி.

மறுவாரம் கடிதம் என் கைக்கு வந்தது.

கல்லூரியில் நான் பட்ட பாட்டைச் சொல்லி இரக்கம் தேட மாட்டேன். வருடத்துக்கு வருடம் அரியர். நாலு வருடப் படிப்பை ஆறாக இழுத்து முடித்தேன். மலைக்குத் திரும்பியபோது எனக்கு வேலை கொடுத்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல். அந்தக் கவுண்டரில் ஆறு வருடமாக நின்றுகொண்டிருந்தவள் அவள்தான். முதலாளிக்குச் சட்டப்படி ஒரு பார்மசிஸ்ட் தேவை, அதற்காக நான். என் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவள் தலைக்கு மேலே மாட்டினார்கள்.

அவள் என்னிடம் பழைய பேச்சை எடுக்கவே இல்லை. நான் தப்பாக எடுத்த மாத்திரை அட்டையைச் சத்தமில்லாமல் வாங்கி, சரியானதை வைப்பாள். மேல்மலை ஜனங்கள் என்னைத் தாண்டிப் போய் அவளிடம்தான் மருந்துச் சீட்டை நீட்டுவார்கள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பொறுமைதான் என்னை எரித்தது.

ஒரு நாள் கடையைச் சோதிக்க டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். நீங்கள் இல்லாத நேரத்தில் இந்தப் பெண் மருந்து கொடுப்பதுண்டா என்று என்னிடம் கேட்டார். இல்லை சார் என்றால் முடிந்தது. முதலாளி கண்ணாலேயே கெஞ்சினார்.

"குடுப்பாங்க சார். சொன்னாலும் கேக்க மாட்டாங்க," என்றேன்.

லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில் முதலாளி அன்றே அவளை நிறுத்திவிட்டார். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியவள் திரும்பி என்னருகில் வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன்.

"சின்னப் பிள்ளைக்கி சிரப்பு குடுத்தா எடை என்னன்னு கேட்டுட்டுக் குடு," என்றாள். "நீ கேக்க மாட்ட. அதான் சொல்றேன்."

அடுத்த வாரம் மேல்மலையில் கூக்கால் கிராமத்திலிருந்து ஒருவர், காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இங்கே இருந்த பொண்ணு எங்கே என்று கேட்டார். அது வேலையை விட்டுவிட்டது, நான்தான் இதற்குப் படித்தவள் என்று சுவரைக் காட்டினேன். அவருக்கு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். பாட்டிலை எடுத்துக்கொடுத்து, இரண்டு மூடி, மூன்று வேளை என்றேன். எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஓடினார்.

பஸ் போன பிறகுதான், எடையைக் கேட்கவில்லை என்று உறைத்தது. அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ஒரு மூடியே அதிகம். அந்த ஊருக்கு அடுத்த பஸ் சாயங்காலம்தான். அவருடைய போன் நம்பர் என்னிடம் இல்லை. மேல்மலையில் பாதிப் பேருடைய நம்பர் அவளிடம் இருக்கும், அவருடையதும் நிச்சயம் இருக்கும். போனை எடுத்து, அவள் பெயர்வரை போய், திரும்ப மேஜைமேல் வைத்துவிட்டேன்.