நைனாவின் குழாய்ச் சின்னம்

1. அரசுக் கஜானாவில் பற்றாக்குறை என்று எங்கள் ஊராட்சிக்குக் கடிதம் வந்தது.
2. மாலைக் குடிநீர், தெருவிளக்கு இரண்டில் ஒன்றை நிறுத்த வேண்டும், எதை நிறுத்துவது என்று மக்களே கிராம சபையில் வாக்களித்து முடிவு செய்யலாம் என்றது அந்தக் கடிதம்.
3. வாக்குச் சீட்டை நான் தயாரித்தேன்.
4. என் நைனா குழாய்க்கு ஓட்டுக் கேட்டார்.
5. குழாய்க்குத்தான் அதிக ஓட்டு விழுந்தது.
6. ஆகவே குழாய் நிறுத்தப்பட்டது.

நான்காவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் ஊரில் மாலைத் தண்ணீருக்கு மோட்டார் போடுகிறவர் நைனா, என் அப்பா. காலைத் தண்ணீர் வேறு திட்டத்தில் தானாக வந்துவிடும். தெருவிளக்கு போட்டு அணைப்பவர் நைனாவுக்கு மச்சான் முறை, எனக்கு மாமா. எது நின்றாலும் அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வேலை போய்விடும். நைனாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. கழனியில் குனிய முடியாது. பட்டன் அழுத்த முடியும். அவர் செய்யக்கூடியதாக ஊரில் இருந்தது அந்த ஒரு வேலைதான்.

நான் சிவில் படித்துவிட்டு, செஞ்சியில் வீடு கட்டித் தருகிற ஒருவரிடம் வரைபடம் போடுகிறேன். வீட்டில் பிரிண்டர் இருக்கிறது. அதனால் ஊராட்சித் தலைவரம்மா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, படம் போட்டு ஒரு சீட்டு அடிச்சிக் குடு. எழுத்த எவன் படிக்கறான்?" என்றார்.

மேலே 'எதை நிறுத்தலாம்?' என்று எழுதினேன். கீழே ஒரு குழாய், ஒரு பல்பு. குழாயை மரை, கைப்பிடி, வாயில் ஒரு சொட்டு என்று அளவு பிசகாமல் வரைந்தேன். பல்பு சுமாராகத்தான் வந்தது.

அச்சடித்த அன்றே நைனாவிடம் சொன்னேன். "நைனா, இது நிறுத்தறதுக்கான ஓட்டு. குழாய் வேணும்னா பல்புல குத்தச் சொல்லணும்."

நைனா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னாம்மா படிச்ச நீ? தோக்கறதுக்கு எவனாவது ஓட்டு கேப்பானா? என் சின்னம் குழாய். நான் போய் பல்புக்குப் போடுன்னா ஊரே சிரிக்கும்."

சீட்டு ஊரார் கைக்கு வரும் முன்பே குழாய் அவர் சின்னமாகிவிட்டிருந்தது. வீடு வீடாகப் போனார். மாலையில் வழக்கத்தைவிட நெடுநேரம் மோட்டார் ஓடியது. குடம், அண்டா, குழந்தைகள் குளிக்கிற பேசின் எல்லாம் நிரம்பி, தெருவிலும் தண்ணீர் ஓடியது. மாமா சும்மா இருப்பாரா? பட்டப்பகலில் எல்லா விளக்கையும் எரியவிட்டு, கம்பத்தடியில் நின்று கும்பிட்டார். வெயிலில் பல்பு எரிகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கேயே அவருக்கு ஆதரவு குறைந்துவிட்டது.

கிராம சபையில் தலைவரம்மா மைக்கில் விளக்கத்தான் செய்தார். ஆனால் எங்கள் ஊர்க் கிராம சபையில் என்ன படித்தாலும் எல்லாரும் கை தூக்கிவிட்டு டீயைப் பார்ப்பதுதான் வழக்கம். அன்றும் அவர் சொல்லி முடிக்கும் முன்பே கை தூக்கிவிட்டார்கள். பிறகு சீட்டை வாங்கி, பிடித்த படத்தில் குத்தினார்கள். குழாய் அழகாக இருந்தது என்று பலர் என்னிடமே சொன்னார்கள்.

முடிவு தெரிந்ததும் நைனாவுக்கு மாலை போட்டு, பட்டாசு வெடித்தார்கள். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நைனா பெருந்தன்மையாக அவர் தோளில் கை போட்டு, "வுடு மச்சான், அரசியல்ல இதெல்லாம் சகஜம்" என்றார்.

அப்போது தலைவரம்மா மைக்கில் தீர்மானத்தைப் படித்தார். மாலைக் குடிநீர் நிறுத்தப்படுகிறது. மாலையைக் கழற்றாமலே நைனா என் பக்கம் திரும்பினார்.

மறுநாள் ஊரே ஊராட்சி அலுவலகத்தில் கூடிக் கத்தியதில், மேலிடம் மறுவாக்கெடுப்புக்குச் சம்மதித்தது. குழப்பம் வரக்கூடாது என்று இந்த முறை கேள்வியை மாற்றச் சொன்னேன். 'எதைத் தொடரலாம்?' எது வேண்டுமோ அதில் குத்த வேண்டியது, அவ்வளவுதான். எழுத்தையும் பெரிதாக்கினேன். எதற்கும் இருக்கட்டும் என்று பல்பையும் நன்றாக வரைந்தேன்.

வீட்டுக்கு வந்தால் நைனா பிரசாரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பல்புக்குத்தான் கேக்கப் போறேன்" என்றார்.

"நைனா, இந்தத் தடவை குழாய் வேணும்னா குழாய்லதான் குத்தணும். கேள்வியை மாத்தியாச்சி."

"போன தடவ நீ சொன்னதத்தான் நான் கேக்கல. நீ சொன்னதுதான் சரியாப் போச்சி. அதான் இந்தத் தடவ, போன தடவ நீ சொன்னத அப்படியே கேக்கறேன்."

"அது போன தடவைக்கு, நைனா."

"வார்த்தைய மாத்தாதம்மா."

ஊரும் பாடம் கற்றுக்கொண்டிருந்தது. டீக்கடையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்: வேண்டாததில் குத்து. நைனா மாமாவின் வாசலிலேயே நின்று பல்புக்கு ஓட்டுக் கேட்டார். மாமாவுக்குக் கோபம். "இன்னா மச்சான், என் பொழப்புல மண்ணப் போடறியா?" என்று கத்திவிட்டு, பதிலுக்குத் தெருத் தெருவாகக் குழாய்க்கு ஓட்டுக் கேட்டார். எங்கள் தெருவில் பகலில் இருவரும் எதிரெதிரே நின்று, அடுத்தவர் வேலைக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தேன். இருவரிடமும் கேள்வியைப் படித்துக் காட்டினேன். மாமா மட்டும் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "உங்க நைனாவுக்காவ பேசற" என்று போய்விட்டார்.

ஓட்டுக் கேட்பதில் நைனாதான் கெட்டிக்காரர். பல்பு பெரிய வித்தியாசத்தில் வென்றது.

இந்த முறை யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. தலைவரம்மா படித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். தெருவிளக்கு தொடரும், மாலைக் குடிநீர் நிற்கும் என்றதும் மாமாதான் முதலில் எழுந்தார். நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், நீ கேட்ட ஓட்டுதான் என்னக் காப்பாத்துச்சி" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

நைனா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து, "அடுத்த தடவ இன்னா கேள்விம்மா?" என்று கேட்டார்.

மூன்றாவது வாக்கெடுப்புக்கு எழுதிப் போட்டோம். வாக்கெடுப்பு நடத்த நிதி இல்லை என்று பதில் வந்தது.

இப்போதைய நிலை: தெருவிளக்கு எரிகிறது. மாலையில் தண்ணீர் வருவதில்லை. மோட்டார் அறைச் சாவி நைனாவிடமே இருக்கிறது, அதை யார் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. நைனாவுக்கு வேலை இல்லை.